தோற்றவன் என்ன சொன்னான்?

எங்கள் வழக்கறிஞர் சங்க ஆண்டு மலருக்கு, இளம் வக்கீல்களுக்கு அறிவுரையாக நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அறிவுரை என்னிடம் இல்லை. ஒரு பழைய சண்டை இருக்கிறது. அதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் மலர்க் குழு வெட்டிக்கொள்ளட்டும்.

போன மாதம் என் ஜூனியர் தன் தம்பியை அழைத்து வந்தார். சட்டப் படிப்பில் முதல் ஆண்டு. கையில் ஒரு கைடு. அதில் ஒவ்வொரு வழக்குக்கும் மூன்று வரி. தேர்வில் வரக்கூடியவற்றுக்கு நட்சத்திரக் குறி.

"இதை நெட்டுருப் போட்டாப் போதுமா சார்?"

"தூரப் போடு" என்றேன்.

தம்பி சிரித்தார். அண்ணனும் சிரித்தார். வயதானவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மூன்று வரிகளை நம்பித்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், சென்னையில் எஃப்.எல். என்ற முதல் ஆண்டுச் சட்டத் தேர்வில் நான் தோற்றேன்.

நான் ராஜபாளையத்துக்காரன். அப்பா ஒரு பஞ்சு அரவை மில்லில் ஓவர்சியர். பி.ஏ. முடித்த கையோடு மதுரையில் ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். அங்கே நான் எழுதிய முதல் செய்தி ஒரு வெள்ளத்தைப் பற்றியது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தது, எந்தப் பாலத்தைத் தொட்டது என்று தொடங்கியிருந்தேன். ஆசிரியர் அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்துவிட்டு, "வெள்ளத்துக்கு என்னய்யா நஷ்டம்? எவன் வீடு போச்சோ அவனைக் கொண்டாந்து முதல் வரியில நிறுத்தும்" என்றார். இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். சட்டம் படிக்கப் போனபோது அந்தப் பழக்கத்தை மதுரையிலேயே விட்டுவிட்டுப் போனேன். சட்டம் பெரிய விஷயம், பத்திரிகைப் புத்தி அங்கே உதவாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சட்டக் கல்லூரி விடுதியில் கையெழுத்து நோட்ஸ் ஒன்று வழிவழியாகப் புழங்கி வந்தது. அதை எழுதியவர் இப்போது எங்கோ சப்-ஜட்ஜாக இருக்கிறார் என்பார்கள். எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு விடியற்காலையில் மொட்டைமாடியில் உலாத்தியபடி ஒப்பிப்போம். மழைக்குத் தவளை கத்துவதுபோல இருக்கும். தேர்வில் அந்த வழக்குகளை யாரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கு நடுவே ஒரு தகராறைச் சொல்லி, தீர்த்து வை என்று கேட்டிருந்தார்கள். வழக்குப் பெயர்கள் அத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தன. அந்த இரண்டு பேரில் ஒருவரையும் தெரியவில்லை.

தோற்று ஊர் திரும்பினேன். அப்பா அதிகம் பேசுகிறவர் அல்லர்.

"மில்லுல டைம் ஆபீசுல ஒரு எடம் இருக்கு. சொல்லி வெச்சிருக்கேன்."

"இன்னொரு தடவை எழுதுறேன்ப்பா."

"எழுதி?"

கடைசியில் அப்பா ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நெல்லையப்ப பிள்ளை என்ற வக்கீல் இருந்தார். முன்சீப் கோர்ட்டில் அவர் எழுந்தால் எதிர்க்கட்சி வக்கீல் கைக்குட்டையை எடுப்பார் என்று பேர். அவருடைய ஆபீசில் நான் போய் உட்கார வேண்டும். வேலை பார்க்கலாம், புத்தகம் படிக்கலாம். சட்டத்துக்கு நான் ஆவேனா மாட்டேனா என்று அவர் சொல்ல வேண்டும். ஆக மாட்டான் என்றால் மில்.

அதே ஊரில், மடவார் வளாகத்தில் என் அக்கா ரூத்து வீடு எடுத்திருந்தாள். மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். அத்தான் விருதுநகரில் ரயில்வேயில் இருந்தார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். மற்ற நாளெல்லாம் அக்காவின் வாய்க்கு நான்தான் இரை.

பிள்ளையின் ஆபீஸ் நடைமுறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் வந்தால் பெஞ்சில் உட்காருவார். பிள்ளை கேட்ட பிறகுதான் பேச வேண்டும். கேட்டதற்கு மட்டும்தான் பேச வேண்டும். "எங்க தாத்தா காலத்துல..." என்று ஒருவர் தொடங்கினால், "தாத்தா கையெழுத்துப் போட்டிருக்காரா?" என்பார். இல்லையென்றால் தாத்தா அதோடு போய்விடுவார். குமாஸ்தா தமிழில் குறிப்பு எடுப்பார். பிள்ளை அதைப் பார்த்து இங்கிலீஷில் பிராது சொல்லுவார், டைப் அடிக்கப்படும். பிறகு குமாஸ்தா அதைக் கட்சிக்காரருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவார். "சரிதானே?" என்றால் எல்லாரும் சரி என்பார்கள். தன் பேச்சே தனக்குப் புரியவில்லை என்று வக்கீல் ஆபீசில் யார் சொல்லுவார்?

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. படிக்க மட்டும் கண்ணாடி போடுவார். எதிர்க்கட்சியின் பிராதை வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி அந்தத் தாளின்மேல் மடித்து வைப்பார். இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். கோர்ட்டிலும் அப்படியே. அந்தக் கண்ணாடி கீழே வைக்கப்படுவதைப் பார்த்தே வழக்கின் முடிவைச் சொல்லிவிடலாம் என்று குமாஸ்தாக்கள் காபிக்குப் பந்தயம் கட்டுவார்கள். நான் பத்திரிகையில் இருந்தவன் என்று தெரிந்ததும் எனக்கு 'எடிட்டர்' என்று பேர் வைத்தார். அது பாராட்டல்ல.

அங்கேயும் முதலில் பழைய நோட்ஸைத்தான் ஒப்பித்தேன். ஒருநாள் காலை அக்கா இட்லி அவித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே சாமு, என்னலே மொணமொணங்கே? ஞாயித்துக்கிழமை வசனம் ஒப்பிக்கிற பிள்ளைங்க மாதிரி. அது என்ன கதைன்னு சொல்லு."

சொன்னேன். ஒருத்தன் இன்ன விலைக்குச் சரக்குத் தருகிறேன் என்று எழுதுகிறான். மற்றவன் சம்மதம் என்று பதில் எழுதித் தபாலில் போடுகிறான். கடிதம் வழியில் தொலைந்துபோகிறது. ஆனாலும் தபாலில் போட்டபோதே முதலில் எழுதியவனை ஒப்பந்தம் கட்டிவிட்டது. மூன்று வரி.

"தோத்தவன் என்ன சொன்னான்?"

"யாரு?"

"கடுதாசி வராதவன்லே. அவனும் வக்கீலு வெச்சிருப்பான்லா? சும்மாவா நின்னுட்டு வந்தான்?"

எனக்குத் தெரியவில்லை. நோட்ஸில் அவனுக்கு இடமே இல்லை. வெள்ளச் செய்தியில் வீடு போனவனை விட்டுவிட்டு ஆற்றை எழுதியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கே பிள்ளையின் அலமாரியிலிருந்து முழுத் தீர்ப்பை எடுத்தேன். கடைசிப் பக்கங்களை ஓர் அட்டையால் மூடி, கிளிப் போட்டேன். மீதியை வாசித்து, தோற்கப்போகிறவன் என்ன கேட்டான், எதனால் அது தனக்குச் சேரவேண்டியது என்று நினைத்தான் என்பதைத் தமிழில் செய்தியாக எழுதினேன். காகிதத்துக்கும் மதுரைதான். அச்சுக்கூடத்துப் பழைய புரூஃப் தாள்களில் ஒரு கட்டை, பின்பக்கம் வெற்றாக இருக்கிறதே என்று கொண்டுவந்திருந்தேன். நீளமான, ஒடுங்கிய தாள். ஒரு வழக்கு ஒரு தாளுக்குள் அடங்க வேண்டும்.

சாயங்காலம் அக்காவுக்கு வாசித்தேன். அவள் கையிலிருந்த திருத்தாத காம்போசிஷன் நோட்டைக் கீழே வைத்தாள்.

"தபால்காரன் தொலைச்சதுக்கு இவன் தலையா உருளணும்? இது என்ன நியாயம்? கையில கெடச்சாத்தான் கணக்குன்னு அவன் மொதல்லயே எழுதித் தொலைச்சிருக்கலாம்லா!"

அட்டையை எடுத்துவிட்டு மீதியைப் படித்தேன். அவள் கோபத்தில் சொன்னதுதான் அந்த விதிக்கு விலக்கு. அப்படி எழுதியிருந்தால் கடிதம் கைக்கு வந்தால்தான் ஒப்பந்தம். ஓர் ஆண்டு முழுவதும் மொட்டைமாடியில் நடந்து எனக்கு நிற்காத விலக்கு, அன்று முதல் இன்றுவரை மறக்கவில்லை.

அதன்பின் அதுவே என் முறை ஆயிற்று. அக்காவுக்குக் கோபம் வரவில்லை என்றால் நான் வழக்கைச் சரியாகப் படிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி ஆபீசுக்கு ஓடுவேன். கோபம் வந்துவிட்டால், அவளுக்கு ஜட்ஜ் என்ன பதில் சொல்லுவார் என்று நானே யோசித்துத் தாளின் அடியில் எழுதுவேன். அதற்குப் பிறகுதான் அட்டையை எடுப்பது. நான் எழுதியதும் ஜட்ஜ் எழுதியதும் வேறுபட்டால் அந்த வழக்கு நன்றாக மனதில் தைத்தது. கடைசியாக எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, இங்கிலீஷில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு விடை. சில நாள் அக்கா அசதியில் கோபப்பட மாட்டாள். "போலே, இன்னைக்கு எவன் தோத்தா எனக்கென்ன" என்பாள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

பிள்ளைக்கு இது தெரியும். "ஜெயிச்சவன் சட்டத்தைப் படியும் எடிட்டர். தோத்தவன் சொன்னது சட்டம் ஆகலைன்னுதானே தோத்தான்?" என்பார். நான் அட்டையைச் செருகிக்கொண்டிருப்பேன்.

தேவதானம் வழக்கு அப்போதுதான் விசாரணைக்கு வந்தது.

தேவதானத்தில் சுடலைமுத்து என்பவருக்குக் கீழ்வயல். அதற்கு மேட்டில் இன்னொருவர் வயல். அவர் பிள்ளையின் கட்சிக்காரர். முந்தின ஐப்பசி மழையில் மேல்வயல்காரர் தன் பயிரைக் காப்பாற்றிக்கொள்ள வரப்பை வெட்டிவிட்டார். தண்ணீர் மணலோடு இறங்கி, கீழே புதிதாக நட்ட நாற்றை அள்ளிக்கொண்டு போயிற்று. சுடலைமுத்து நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். நான் பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சுடலைமுத்து கூண்டில் ஏறினார். ஓங்குதாங்கான ஆள், கோபத்தை வேட்டி மடிப்பில் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல நின்றார். பிள்ளை எழுந்தார்.

"மழை பெஞ்சா மேல்வயல்காரங்க வரப்பை வெட்டுறது உண்டா?"

"உண்டு."

"இவர் மட்டுமா, எல்லாருமா?"

"எல்லாரும் வெட்டத்தான் செய்வாக."

"அந்த வயலை நீர் வாங்கும்போதே அது உமக்குத் தெரியும்?"

"தெரியாம என்ன? ஆனா—"

"தெரியும். போதும்."

கண்ணாடி பிராதின்மேல் இறங்கியது. அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று முன்சீப் கேட்கவில்லை. வாதியின் வக்கீலும் மறுபடி எழுந்து கேட்கவில்லை. தீர்ப்பு இதுதான்: மேட்டு நிலத்துக்காரருக்கு மழைநீரை வடிக்க வழக்கப்படி உரிமை உண்டு, அதை வாதியே ஒப்புக்கொண்டார், வழக்குத் தள்ளுபடி.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார். வழக்கு முடிந்துவிட்டது, இனி அவரிடம் பேசத் தடையில்லை என்று போனேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு 'ஆனா'ன்னு என்னமோ சொல்ல வந்தியளே."

"நீரு அவிய ஆபீசு ஆளுல்லா?"

"நான் படிக்கிறவன்."

"என்னத்தைப் படிக்கேரு? என் வயித்தெரிச்சலையா?"

"ஆமா."

சொன்னார்: "வரப்பை வெட்டுறவன் மொத நாளே கீழ்வயல் மடையில ஒரு கம்பை ஊணி வேப்பங்கொழையைக் கட்டிட்டுப் போவணும். நாங்க பாத்ததும் எங்க மடையைத் தொறந்து வழி விட்டுருவோம். தண்ணி பாட்டுக்குப் போயிரும், நாத்து நிக்கும். இந்தப் பய கொழை கட்டாமலே வெட்டிட்டான். கொழை கட்டாம வெட்டுனா அது திருட்டுல்லா?"

"இதை ஏன் கோர்ட்டுல சொல்லலை?"

"யாரு கேட்டா?"

"உங்க வக்கீல்ட்டயாவது சொன்னியளா?"

"கொழை கட்டுறதைப் போயி ஒருத்தர்ட்ட சொல்லுவாகளாய்யா? பச்சப்பிள்ளைக்கும் தெரியும். சோறு வாயால திங்கணும்னு பிராதுல எழுதுவாகளா?"

முன்கூட்டியே வேப்பிலைக் கொத்தைக் கட்டி அறிவிக்கும் வழக்கம் ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே அது பிராதில் இல்லை. பிராதில் இல்லாததால் கோர்ட்டில் இல்லை. நான் பத்திரிகையிலும் பார்த்திருக்கிறேன். வீடு போனவன் வீடு இருந்த இடத்தைச் சொல்ல மாட்டான், அது அவனுக்குத் தெரிந்த இடம்.

சாயங்காலம் புரூஃப் தாளில் எழுதி அக்காவுக்கு வாசித்தேன். அவள் கோபப்பட்டதை எழுத்தில் சொல்ல முடியாது. ரசத்தை இறக்க மறந்துவிட்டாள். மறுநாள் அதே தாளை இங்கிலீஷில் எழுதிப் பிள்ளையின் மேசையில் வைத்து, "இந்தத் தீர்ப்பு தப்பு சார்" என்றேன்.

கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். ஒரு வரியும் விடவில்லை. அது அவருடைய நேர்மை. பிறகு கண்ணாடியைக் கழற்றி என் தாளின்மேல் வைத்தார்.

"இந்தக் கொழை ரெக்கார்டுல இருக்கா?"

"இல்லை."

"அப்போ இல்லை."

"ஊர்ல இருக்கு சார்."

"ஊரை யாரும் எக்ஸிபிட்டா மார்க் பண்ணலையே எடிட்டர்." குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நம்ம கட்சிக்காரன் ஜெயிச்ச வழக்குல தோத்தவன்கூடப் போயி மரத்தடியில நிக்கீரு. அது பத்திரிகைக்கு ஆகும், கோர்ட்டுக்கு ஆகாது. தோத்தவன் வக்கீல்னு பேர் எடுக்கப் போறீரா? இந்தத் தாளெல்லாத்தையும் கட்டிப் பரண்ல போட்டுட்டு நான் படிச்ச மாதிரி தீர்ப்பை நெட்டுருப் பண்ணும். முடியும்னா நாளைக்கு வாரும்."

"முடியாது சார்."

"முடியாதுன்னா?"

"ரெக்கார்டைப் பத்தி நீங்க சொல்றது சரி. ஆனா ரெக்கார்டு எழுதுறதுக்கு முந்தி என்ன விட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியணும். அதைத் தெரிஞ்சுக்கிடாம அடுத்த பரீட்சையை எழுத முடியாது."

"உம்ம அப்பா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கார்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"ஆக மாட்டான்னு சொல்லிட்டாரு. துணியை எடுத்து வை. மில்லுக்குப் போவோம்."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "யாருப்பா சொன்னது?"

"வக்கீலய்யா."

"அவிய பரீட்சைப் பேப்பர் திருத்துறவுகளா? நான் திருத்துறவ. நான் சொல்லுதேன், இவன் பாஸாவான்."

"நீ மூணாங்கிளாசு திருத்துறே, ஏட்டி."

"மூணாங்கிளாசுப் பிள்ளை புரிஞ்சு எழுதுதா, மனப்பாடம் பண்ணி எழுதுதான்னு எனக்குத் தெரியாதா? இவன் போன வருசம் ஒப்பிச்சான். இப்பம் சண்டை போடுதான். சண்டை போடுறவன் பாஸாவான்."

அப்பா என்னைப் பார்த்து, "வைகாசியில ரிசல்ட்டு வரும். உன் நம்பர் இல்லைன்னா மறுநாள் காலைல மில்லு கேட்டுல நிக்கணும். பொறவு சட்டம்கிற பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். சரி என்றேன்.

பிள்ளையின் அலமாரி எனக்கு மூடிவிட்டது. இனி முழுத் தீர்ப்புகளுக்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்தால் கோர்ட் மூடவில்லை. முன்சீப் கோர்ட்டின் பொது பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். தினமும் முதல் பெஞ்சில், பிள்ளையின் கண்ணுக்கு நேராகப் போய் உட்கார்ந்தேன். "எடிட்டர் வந்தாச்சு, இன்னைக்கு எவன் தோக்கப்போறான்?" என்று குமாஸ்தாக்கள் கேட்பார்கள். "அவனைத் தேடித்தான் வந்தேன்" என்பேன். வாதமெல்லாம் முடிந்து தீர்ப்புக்கு வாய்தா போட்டதும், தோற்கப்போகிறவர் யார், அவர் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது என்ன என்று தாளில் எழுதுவேன். அச்சுப் புத்தகத்தில் ஜட்ஜின் வாய்தான் பேசும். இங்கே தோற்கிறவர் நேரில் நின்று, எச்சில் விழுங்கி, வக்கீலைத் திரும்பிப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும். கான்சாபுரத்துப் பாகப்பிரிவினை ஒன்று, ஒரு மாட்டுச் சண்டை, ஒரு பொதுச்சுவர். இவற்றில் நான் படித்த சட்டத்தை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குத் தந்ததில்லை. பாடப்புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சைக்கிளை விற்று ஒன்று வாங்கி, காலையில் அதைத்தான் வாசித்தேன். ஆனால் வாசிக்கும்போது ஒவ்வொரு விதிக்கும் பின்னால், அந்த விதியால் வீட்டுக்கு வெறுங்கையோடு போனவன் ஒருத்தனைத் தேடினேன்.

சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினேன். முதல் கேள்வி: வாடகை வண்டிக்காரன் ஒருவன், குதிரை மிரண்டதால் ஒரு கடைக்குச் சேதம். எல்லாரும் எந்த வழக்கை எழுதலாம் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் இந்த இருவரில் யார் தோற்பார், அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று எழுதத் தொடங்கினேன். அதற்கு ஜட்ஜ் என்ன பதில் சொல்லுவார் என்று எழுதும்போது வழக்குகள் தாமாக வந்து அந்தந்த இடத்தில் நின்றன. எல்லாக் கேள்விக்கும் அப்படியே எழுதினேன்.

ரிசல்ட்டு பத்திரிகையில் வந்தது. அக்காதான் முதலில் பார்த்தாள். நம்பரின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "ஏலே, இது உன் நம்பரா, இல்ல அச்சுக்கோத்தவன் தப்பா?" என்றாள். கையை எடுக்கவில்லை. அப்பா மில்லிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "டைம் ஆபீசுக்கு வேற ஆள் பாத்துக்கிடச் சொல்லிருதேன்" என்றார். அதைவிட அதிகமாக அவர் என்னிடம் சந்தோஷப்பட்டதில்லை.

பிள்ளையைப் பார்க்கப் போனேன். மரியாதைக்காகப் போனேன் என்று எழுதினால் பொய். பார்க்கட்டும் என்றுதான் போனேன்.

"ரெண்டாந்தடவை எழுதினா யாரும் பாஸாவான்" என்றார். பிறகு, "என்ன எழுதினீர்?"

"எல்லாத்துக்கும் தோத்தவன் பக்கத்தை முதல்ல எழுதினேன்."

"நீரே தோத்திருந்தா?"

"அந்தப் பக்கத்தையும் எழுதி வெச்சிருந்தேன் சார்."

குமாஸ்தாக்கள் இந்த முறை சிரிக்கவில்லை. உள்ளே ஒருவர் மட்டும் இருமினார்.

சுடலைமுத்து அப்பீல் போனார், அங்கும் தோற்றார். ரெக்கார்டில் இல்லாத குழையை அப்பீலில் ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை சொன்னது சரி, அதை நான் அன்றும் மறுக்கவில்லை. கோர்ட்டே சொல்லிவிட்டது என்ற தைரியத்தில் மேல்வயல்காரர் அடுத்த மழையிலும் குழை கட்டாமல் வரப்பை வெட்டினார். சென்னையில் பி.எல். படித்துக்கொண்டிருந்த நான் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தேன். அக்கா வீட்டு வாசலில் சுடலைமுத்து நின்றார்.

"பாஸாயிட்டீராமே. இனிமே ஜெயிக்கிறவன் பக்கம்தானே பேசுவீரு?"

"உக்காருங்க அண்ணாச்சி. உங்க வக்கீல்ட்டப் போயிட்டியளா?"

"இல்லை. அங்கதான் போறேன். போற வழியில உம்மைப் பாத்துட்டுப் போவோம்னு."

"அப்போ முதல்ல எனக்குச் சொல்லுங்க. உங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க."

"எல்லாருக்கும் தெரிஞ்சதை எதுக்குய்யா சொல்லணும்?"

"அதைத்தான் சொல்லணும்."

சொன்னார். எத்தனை பேர் குழை கட்டிப் பார்த்திருக்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் நடுவில், கட்டாமல் வெட்டியவனை ஊர் என்ன செய்தது, எல்லாம் வந்தது. அக்கா காபி ஆற்றிக் கொடுத்துவிட்டு, கேட்டதற்கு மேல் இரண்டு கேள்வி அவளே கேட்டாள். நான் அவரோடு அவர் வக்கீலிடம் போனேன். பிராதின் மூன்றாவது பாரா அந்த வேப்பங்குழை. குமாஸ்தா அதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது, "சரிதானே?" என்பதற்கு முன்னாலேயே சுடலைமுத்து, "சரி, ஆனா வேப்பங்கொழைன்னே போடும், சும்மா கொழைன்னா ஆவாரங்கொழைன்னு சொல்லிருவானுக" என்றார். திருத்தி அடித்தார்கள்.

அந்த வழக்கு விசாரணைக்கு வந்தபோது நான் பி.எல். எழுதிவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். வழக்கமான முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிரதிவாதிக்குப் பிள்ளைதான். எழுந்தார்.

"மழை பெஞ்சா மேல்வயல்காரங்க வரப்பை வெட்டுறது உமக்குத் தெரியும்?"

"தெரியும். மொத நாளே கொழை கட்டிட்டுத்தான் வெட்டுவாகன்னும் தெரியும்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்."

"மிஸ்டர் பிள்ளை" என்று முன்சீப் குறுக்கிட்டார், "அது பிராதில் இருக்கிறதே. மூன்றாவது பாரா."

பிள்ளையின் கை கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தது. அது பிராதின்மேல் இறங்கவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அவர் அதை மறுபடி மாட்டிக்கொண்டு, தாளைப் புரட்டி, மூன்றாவது பாராவை வாசிக்கத் தொடங்கினார்.